மாவனல்லைப் பாலமும் ஒரு தச்சரின் கணக்கும்

கொழும்பிலிருந்து கண்டி வீதியால் செல்வோர் மாவனல்லையில் மகா ஓயாவைக் கடக்க வேண்டும். அங்குள்ள செங்கல் வளைவுப் பாலம் 1833இல் கட்டி முடிக்கப்பட்டது. பத்திரிகைப் பணிக்காக அவ்வழியே எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். ஆயினும் அதனை நின்று பார்க்கச் செய்தவர் ஒரு தச்சர்.

"செங்கல்லு நிக்கிறதுக்கு முன்னாடி அந்த வளைவு மரத்துலதான் நின்னுருக்கும், ஐயா. சாந்து இறுகுனதும் மரத்தக் கழட்டிருப்பாங்க" என்றார் அவர்.

அறுபதை நெருங்கும் அவர் அயலிலுள்ள இறப்பர் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். நகரில் அவரை எல்லோரும் 'பாஸ்' என்றே அழைக்கின்றனர். முதலாளி, தலைமைத் தொழிலாளி என்ற பொருளில் ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. பெயரில் முதலாளி, ஆனால் மூன்று நாள் வேலை கிடைத்தால் பத்து நாள் கிடைப்பதில்லை. "நாளைக்கு வேல இருக்கான்னு இன்னைக்கு ராத்திரி வரைக்கும் தெரியாதுங்க" என்பதே அவரது கணக்கு.

இந்த நிலையற்ற வாழ்வு ஒரு தனிமனிதரின் துரதிர்ஷ்டம் அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு.

மாவனல்லை கண்டி இராச்சியத்தின் நான்கு கோறளைக்குள் அடங்கியிருந்தது. அவ்விராச்சியத்தில் தச்சர், கொல்லர் முதலியோர் 'கொட்டல்பத்த' என்னும் பிரிவின் கீழ் இருந்தனர். அரசனுக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ செய்யும் ஊழியத்துக்குப் பதிலாக அவர்களுக்கு வயல் வழங்கப்பட்டது. வேலை இல்லாத மாதத்திலும் நெல் இருந்தது. கம்பளை அரசர் காலத்து எம்பக்கே தேவாலயத்தின் மரத்தூண்களைச் செதுக்கியவராக மரபுக் கதைகள் ஒரு 'மூலாச்சாரி'யைக் குறிப்பிடுகின்றன. அப்பெயரின் ஈற்றில் நிற்பது நம்முடைய ஆசாரியே.

1815இல் கண்டி வீழ்ந்தது. கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்ததை எவரும் குறைகூற முடியாது. விகாரை, தேவாலய நிலங்களில் மட்டும் ஊழியம் தொடர்ந்தது. அதையும் பணமாகச் செலுத்தி விடுபட 1870ஆம் ஆண்டின் ஊழிய நிலவுடைமைச் சட்டம் வழிசெய்தது. ஆனால் அரசன் என்ற நிரந்தர வாடிக்கையாளர் போனபின் அவ்விடத்துக்கு வேறொருவர் வரவில்லை. மாவனல்லைப் பாலம் முடிந்த அதே 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே ஆணியே இல்லாமல் முதிரை மரத்தால் ஒரே வளைவாக ஒரு பாலம் அமைக்கப்பட்டது. அது 1905 வரை நின்றது. கைத்திறன் அழிந்திருக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பணிப்பாளராக ஊரூராகச் சென்றபோது, ஆதரவிழந்த கைவினைஞர் குடும்பங்களைக் கண்டார். 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அவரது பெருநூல் அந்த அனுபவத்தில் விளைந்தது.

அக்காலத்தில் வேறொரு எசமான் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தான். அதுதான் தோட்டம். லயத்துக் கதவு, கூரைச் சட்டம், தொழிற்சாலைத் திருத்தம், தேயிலைப் பெட்டி என்று தச்சருக்கு ஆண்டு முழுவதும் வேலை இருந்தது. நம் நண்பரின் தந்தை அத்தகைய தோட்டத் தச்சரே. செக்றோலில் பேர் விழுந்தது; 1958ஆம் ஆண்டின் சட்டத்தின் பின் சேமலாப நிதியும் கிடைத்தது. துரையின் அதிகாரம் கடுமைதான். ஆனால் மாத முடிவில் சம்பளம் வந்தது.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தது. கேகாலை மாவட்டத்தில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அந்நிலங்கள் பகிரப்பட்டபோது தோட்டத் தமிழருக்கு அநேகமாக எதுவும் கிட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராய் இருந்தனர். தந்தையின் வேலை அப்போது போயிற்று. பின்னர் எஞ்சிய தோட்டங்களிலும் மரப்பெட்டியின் இடத்தைக் கடதாசிச் சாக்குகள் பிடித்தன. மகன் சிறுவயதிலேயே உளிப்பையுடன் நகரத்துக்கு இறங்கினார்.

நகரம் அவரை வரவேற்றதா? 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் பிளாஸ்ரிக் கதிரையும் அலுமினியச் சாளரமும் வந்தன. மொறட்டுவைத் தளபாடங்கள் லொறியில் ஊருக்கே வந்திறங்குகின்றன. மரத்துக்கும் தடை உண்டு. தோட்டத்துப் பலாவை வெட்ட 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஏற்றிச்செல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பஞ்சத்தில் சோறிட்ட பலாவைக் காக்கும் அச்சட்டம் நல்லதே. ஆயினும் பெரிய மரக்காலை உரிமையாளர் எளிதில் தாண்டும் அலுவலகப் படிகளில், ஒற்றைத் தச்சர் இரண்டு நாட் கூலியை இழக்கிறார். இயந்திரம் வாங்கக் கடன் கேட்டால் வங்கி பிணை கேட்கிறது. லயத்து அறைக்கோ உறுதி இல்லை. 2022 நெருக்கடியில் கட்டட வேலைகள் நின்றபோது மாதக்கணக்கில் உளியை எடுக்கவில்லை என்றார்.

இந்த இருநூறு ஆண்டுக் கதையில் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. இந்நாட்டில் தச்சனுக்கு நிலையான வேலை எப்போதும் அடிமைத்தனத்துடன் சேர்த்தே கொடுக்கப்பட்டது. விலங்கு கழன்றபோது சோறும் சேர்ந்து போயிற்று. விடுதலை தந்தவர்கள் நிலமோ, சேமிப்போ, முதுமைக்கு ஓர் ஆதாரமோ தரவில்லை. சுயதொழில் என்பது மேடைகளில் புகழப்படும் சொல். சேமலாப நிதிக்குப் பங்களிக்க எசமான் இல்லாத மனிதனுக்கு அதன் பொருள் வேறு.

விடைபெறும்போது, மகன் தொழில் பழகுகிறானா என்று கேட்டேன்.

"கொழும்புல கடையில நிக்கிறான், ஐயா. மாசச் சம்பளம்" என்றார். அதைச் சொல்கையில் அவர் முகத்தில் கவலை இல்லை, நிம்மதியே இருந்தது. எனக்குத்தான் கவலையாக இருந்தது.