பால்கோவாவிலும் மருத்துவத் துணியிலும் சகப்பிணைப்பு: எண்ம விதி சொல்லாதவை

பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸும் பருத்திப் பஞ்சின் செல்லுலோஸும் ஒரே வகைப் பாலத்தால் கட்டப்பட்டவை. ஒரு சர்க்கரை வளையத்தின் முதல் கார்பனையும் அடுத்த வளையத்தின் நான்காம் கார்பனையும் நடுவே நின்று இணைக்கும் ஆக்சிஜன் அணுதான் அந்தப் பாலம். வேதியியலில் இது பீட்டா–1,4 கிளைக்கோசைடு பிணைப்பு எனப்படும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிலும், இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியிலும் அதே பிணைப்பே இருக்கிறது. ஆயினும் ஒன்று அடுப்பில் நிறம் மாறுகிறது. மற்றொன்று காரத்தில் வெந்தும் குலையாமல் நிற்கிறது. எட்டு எலக்ட்ரான்களை நிறைவு செய்யவே அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்கின்றன என்னும் பள்ளி விளக்கமான எண்ம விதி இந்த வேறுபாட்டைத் தொடுவதே இல்லை.

இரு அணுக்களுக்கிடையே ஓர் எலக்ட்ரான் இணை பொதுவாவதே சகப்பிணைப்பு என்று 1916இல் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்தார். அது ஏன் நிலைப்புத் தருகிறது என்பதை 1927இல் ஹைட்லரும் லண்டனும் ஹைட்ரஜன் மூலக்கூறைக் கொண்டு கணக்கிட்டுக் காட்டினர். எதிரெதிர்த் தற்சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் இரு உட்கருக்களின் கவர்ச்சிக்கும் ஒருங்கே உட்படும்போது மொத்த ஆற்றல் குறைகிறது. உட்கருக்கள் 74 பிக்கோமீட்டர் இடைவெளியில் இருக்கும்போது அந்த ஆற்றல் மிகத் தாழ்ந்த நிலையில் உள்ளது. அதற்கும் நெருங்கினால் விலக்கு விசை மேலோங்கும். அந்தப் பிணைப்பை முறிக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். பகிர்வை நிகழ்த்துவது இந்த ஆற்றல் இழப்பே. எட்டு என்னும் எண்ணிக்கை அதன் விளைவாகப் பல மூலக்கூறுகளில் தென்படும் ஒழுங்கு மட்டுமே.

பகிர்வு எங்கும் சமமாக இருப்பதில்லை. ஆக்சிஜனின் எலக்ட்ரான் கவர்தன்மை 3.44, ஹைட்ரஜனுடையது 2.20. ஆகவே நீரில் பகிரப்பட்ட இணை ஆக்சிஜன் பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வால் ஒரு நீர் மூலக்கூறு அடுத்ததை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சும்போது விறகடுப்பின் வெப்பத்தில் பெரும்பகுதி இந்தப் பற்றுகளை விடுவிக்கவே செலவாகிறது: ஒரு மோல் நீர் ஆவியாக ஏறக்குறைய 41 கிலோஜூல். அதே நீரின் இரு சகப்பிணைப்புகளையும் முறிக்க 900 கிலோஜூலுக்கு மேல் ஆகும். கொதிக்கும் பாலிலிருந்து நீர் நீராகவே வெளியேறுகிறது. அதன் ஒரு சகப்பிணைப்பும் முறிவதில்லை.

நீர் வற்றி, கிண்டும் கரண்டி கனக்கும் கட்டத்தில்தான் புதிய சகப்பிணைப்புகள் முனைப்பாகத் தோன்றுகின்றன. லாக்டோஸின் ஒரு முனை திறந்து ஆல்டிஹைடாக நிற்க வல்லது. அங்கே ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன்பால் இழுப்பதால் கார்பன் எலக்ட்ரான் குறைவோடு இருக்கிறது. பால் புரதத்திலுள்ள லைசினின் நைட்ரஜனிடமோ பகிரப்படாத ஓர் இணை உண்டு. அந்த இணை கார்பனை நாட, கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு உருவாகி ஒரு நீர் மூலக்கூறு விலகுகிறது. 1912இல் மையார் விவரித்த வினைத்தொடரின் முதற்படி இது. பால்கோவாவின் இளம்பழுப்பும் மணமும் இத்தொடரின் விளைவு. கூடவே சேர்க்கும் சீனிக்கு இதில் நேரடிப் பங்கு இல்லை. அதன் இரு வளையங்களின் வினைபுரியும் கார்பன்களும் ஒன்றோடொன்று பிணைந்து அடைபட்டிருக்கின்றன. அது சிதைந்தால்தான் வினைக்கு வரும்.

செல்லுலோஸில் ஆயிரக்கணக்கான வளையங்களுக்கு ஒரே ஒரு திறந்த முனை. அதன் தாங்குதிறனுக்கு ஒரு காரணம் இது. மற்றொன்று, சங்கிலிகள் அருகருகே படிந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகுவது. தறியிலிருந்து வரும் துணி தண்ணீரை உறிஞ்சாது. பஞ்சின் மெழுகுப் பூச்சு தடுக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்தால் மெழுகின் எஸ்டர் பிணைப்புகள் முறிந்து அது கழன்றுவிடும். காற்று புகாதவரை செல்லுலோஸ் பாலங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அமிலமாக இருந்தால் பாலத்து ஆக்சிஜன் புரோட்டானை ஏற்று, அந்த இடத்திலேயே சங்கிலி அறும்.

அடுத்து வெளுப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. எண்ம விதியின் போதாமை இங்கேதான் கண்கூடு. இம்மூலக்கூறின் இரு ஆக்சிஜன்களுக்கும் எட்டு எலக்ட்ரான்கள் முழுமையாக உள்ளன, நீரில் இருப்பது போலவே. ஆனால் ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பின் வலிமை மோலுக்கு ஏறக்குறைய 146 கிலோஜூல்தான். ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்போ 463. அடுத்தடுத்த ஆக்சிஜன்களின் பகிரப்படாத இணைகள் ஒன்றையொன்று தள்ளுவதே இந்த நலிவுக்கு முதன்மைக் காரணம். கார ஊடகத்தில் பெராக்சைடு, நிறமிகளின் தொடர் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கித் துணியை வெண்மையாக்குகிறது. துணியில் ஒரு துகள் இரும்புத் துரு ஒட்டியிருந்தால் நிலைமை மாறும்: அந்த நலிந்த பிணைப்பு அங்கே மட்டும் விரைந்து முறிந்து இயங்குறுப்புகளை விடுவிக்கும், அவை செல்லுலோஸையே அறுக்க, துணியில் ஊசித்துளை விழும். இதைத் தடுக்கவே வெளுப்புத் தொட்டியில் சோடியம் சிலிக்கேட் சேர்க்கப்படுகிறது.

ஒரே பாலத்தின் கதி அதை அணுகும் நொதியையும் பொறுத்தது. லாக்டோஸின் பாலத்தை மனிதச் சிறுகுடலின் லாக்டேஸ் அறுக்கிறது. செல்லுலோஸை அறுக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளிடம் அது உண்டு. வைக்கோலின் செல்லுலோஸை அவை கொழுப்பு அமிலங்களாகச் சிதைக்க, அவற்றுள் ஒன்றான புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து மாட்டின் கல்லீரல் குளுக்கோஸைக் கட்டுகிறது. அந்தக் குளுக்கோஸைக் கொண்டே மடியின் செல்கள் புதிய பீட்டா–1,4 பாலம் அமைத்து லாக்டோஸை உருவாக்குகின்றன.