தீப்பற்றா எண்ணெய் தேடிய வரலாறு

ரேணிகுண்டாவில் இருப்புப்பாதைச் சந்திப்பும் உண்டு; விமான நிலையமும் உண்டு. நம் சங்கத்தாருள் விமானமேறி ஊர் செல்வோர் இன்று பலர். ஆதலின், அவர்தம் உயிரைக் காக்க அறிஞர் செய்த முயற்சியொன்றினை இம்மலரில் எடுத்துரைக்க விழைகிறோம்.

2010 மே 22இல், துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்டு 7இல், துபாயிலிருந்து கோழிக்கோடு வந்த மற்றொன்றும் அவ்வாறே வீழ்ந்து பிளந்தது, தீ மூளவில்லை. 190 பேரில் மாண்டவர் 21 பேர். வீழ்ச்சிக்குத் தப்பியவரையும் தீ விடுவதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஜெட் எஞ்சினில் எரிவது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்ததே. தேங்கி நிற்கையில் அது எளிதில் பற்றுவதன்று. இறக்கை கிழிந்து, பனிப்புகைபோற் சிதறும்போதே தீப்பந்தாகிறது. இதனைத் தடுக்க, இங்கிலாந்தில் உருவான 'எஃப்.எம்.9' என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூற்றுப் பொருளை எண்ணெயிற் கலந்தனர். ஆயின் எஞ்சினுள் எண்ணெய் நுண்துளியாய்ச் சிதறினாலன்றோ நன்கு எரியும்! ஆகவே, ஆங்குப் புகுமுன் அச்சங்கிலிகளை அறுக்கும் கருவியையும் பொருத்தினர்.

1984 டிசம்பர் 1இல், கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், பொம்மைகளை அமர்த்திய போயிங் 720 விமானமொன்றைத் தரையிலிருந்தே இயக்கி மோதவிட்டனர். நான்கு எஞ்சின்களும் அவ்வெண்ணெயால் செவ்வனே இயங்கின. ஆனால் இடது இறக்கை முந்தித் தரையைத் தொட, விமானம் திரும்பிச் சறுக்கியது. இறக்கையைக் கிழிக்க நட்டிருந்த இரும்புத் தடையொன்று வலப்புற எஞ்சினைப் பிளந்தது. மூண்ட தீ அடங்க ஒரு மணிக்கு மேலாயிற்று. அவ்வெண்ணெயைக் கட்டாயமாக்கும் எண்ணமும் கைவிடப்பட்டது.

ஆயினும் தேடல் நிற்கவில்லை. 2015இல் கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஜூலியா கோர்ன்ஃபீல்டு குழுவினர் புதுவகைச் சங்கிலிகளை வெளியிட்டனர். ரயில் பெட்டிகளைக் கழற்றி மீண்டும் இணைப்பதுபோல், அவை பம்பின் இழுப்பில் பிரிந்து, பின்னர்த் தாமே கூடுகின்றன. அறுந்த சங்கிலி கூடாது என்னும் பழைய குறை இதனால் நீங்கிற்று. எனினும் பயணி விமானங்களில் இவ்வெண்ணெய் இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

1984இன் சோதனையைத் தோல்வி என்பாருளர். நாம் அவ்வாறு கருதோம். அன்று எரிந்தவை பொம்மைகளே. குறையுள்ள காப்பினை நம்பி மாந்தர் மாளாதவாறு காத்ததும் அச்சோதனையே. அத்தேடல் நிறைவெய்தும் நாள் விரைவில் வருக!