பாட்டன் பெயரா? படித்த படிப்பா?

பிறந்த மண்ணை விட்டுப் பெயர்வது பெருந்துயர். தோளிலே குழந்தை, பெட்டியிலே பட்டச் சான்றிதழ், பையிலே சில வாரங்களுக்குக்கூடப் போதாத பணம்! இந்த நிலையில் ஒருவன் அயல்நாட்டு நகரமொன்றில் வந்து இறங்குகிறான். உழவனாயிருந்தால் உழுது பிழைப்பான். சுமை தூக்கியாயிருந்தால் சுமந்து பிழைப்பான். அவனோ நீதிபதி; அல்லது மருத்துவன்; அல்லது கணித ஆசிரியன். கற்ற தொழிலன்றி வேறு தொழில் அறியான். அத்தொழிலின் வேரெல்லாம் அவன் விட்டுவந்த நாட்டின் மொழியிலும் சட்டத்திலும் சான்றிதழிலும் இறங்கிக் கிடக்கிறது. அவன் என் செய்வான்? அவனை நம்பி வந்த மனைவி மக்கள் என் செய்வர்?

கற்றவன் எங்குச் சென்றாலும் மதிக்கப்படுவான் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிறோம். வரலாறும் அவ்வாறே சொல்கிறதா? 1933ஆம் ஆண்டின் ஏடுகளைப் புரட்டுவோம், தோழர்களே! கற்றவர் கூட்டம் ஒன்று குடும்பத்தோடு தெருவுக்குத் துரத்தப்பட்ட ஆண்டு அது.

பதிவேட்டைப் புரட்டிய ஆட்சி

1933 சனவரி 30இல் இட்லர் ஜெர்மனியின் ஆட்சித் தலைவனானான். ஏப்ரல் 7ஆம் நாள் ஒரு சட்டம் பிறந்தது. அரசுப் பணியைச் சீர்ப்படுத்தும் சட்டம் என்று அதற்குப் பெயர்! ஆரியரல்லாதார் அரசுப் பணியில் இருத்தலாகாது என்பது அச்சீர்திருத்தத்தின் சாரம். ஆரியரல்லாதார் எவர் என்பதற்கு நான்கு நாள் கழித்து விளக்கம் வந்தது. பாட்டன் பாட்டியருள் ஒரே ஒருவர் யூதராயிருந்தாலும் போதும், பேரன் ஆரியனல்லன்! முதல் உலகப் போரில் போர்முனையில் நின்றவர்க்குச் சில காலம் விலக்கு அளித்தார்கள். 1935இல் அந்த விலக்கும் பறிபோயிற்று.

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்கள் அரசினுடையவை. ஆகவே பேராசிரியரும் அரசுப் பணியாளரே. ஆராய்ச்சிக் கூடத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்தவரை நோக்கி, "உன் ஆராய்ச்சி எங்கே?" என்று ஆட்சியாளர் கேட்கவில்லை, "உன் பாட்டி யார்?" என்று கேட்டனர். விடை தேடத் தேவாலயத்துப் பதிவேடுகளைப் புரட்டினர். பெற்ற பட்டம் பயனற்றுப் போயிற்று. பிறந்த குடி தண்டனையாயிற்று. பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கும் கோல் எத்துணைக் கொடியது என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டிய நிலையிலா இருக்கிறோம் நாம்?

கைத்தாங்கல் கிடைத்தது, வேலை கிடைத்ததா?

அறிஞர்களின் துயர் கண்டு இங்கிலாந்தில் சிலர் இரங்கினர். பொருளியல் அறிஞர் பெவரிட்ஜ் முன்னின்று உழைக்க, அணுவியல் மேதை ரூதர்போர்டு தலைமை தாங்க, 1933 மே திங்களில் அறிஞர் உதவிக் குழு ஒன்று தோன்றியது. அக்டோபர் 3ஆம் நாள் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் திரண்ட மக்கள்முன் ஐன்ஸ்டீன் உரையாற்றினார். மணமானவர்க்கு ஆண்டுக்கு 250 பவுன், தனியர்க்கு 182 பவுன் என உதவித்தொகை வகுத்தது அக்குழு. நல்ல தொண்டு, நன்றியோடு நினைக்கத்தக்க தொண்டு! ஆயினும் வேலை கிடைக்கும்வரை விழாமல் நிற்க உதவிய கைத்தாங்கல் அது. வேலையைத் தேடுவது அவரவர் பாடு.

மருத்துவர்களின் பாடு இன்னும் கடினம். பெர்லினில் பெற்ற பட்டம் இலண்டனில் தொழில் நடத்த உரிமை தரவில்லை. தலை நரைத்த மருத்துவரும் மீண்டும் மாணவராகித் தேர்வெழுத வேண்டியதாயிற்று. 1938இல் ஆஸ்திரியாவை இட்லர் விழுங்கியபின் அங்கிருந்து ஓடிவந்த மருத்துவருள் ஐம்பது பேருக்கே பிரிட்டன் கதவைத் திறந்தது. கூடுதலாகத் திறக்கவிடாமல் தடுத்து நின்றவர் யார்? தம் தொழிலுக்குப் போட்டி வருமே என்று அஞ்சிய அந்நாட்டு மருத்துவர்களே! நோயாளிக்கு மருத்துவர் வேண்டும். மருத்துவர்க்கு மற்றொரு மருத்துவர் வேண்டாம்! பெண்கள் நிலையோ சொல்லுந்தரமன்று. ஏறத்தாழ 20,000 பெண்கள் வீட்டு வேலைக்காரிகளாக வரலாம் என்னும் அனுமதிச் சீட்டின் பேரில்தான் பிரிட்டனில் உயிர் பிழைத்தனர். அவர்களுள் பல்கலைக்கழகம் கண்டவரும் உண்டு. ஏடு பிடித்த கையில் துடைப்பம்!

நம் அண்டை நகராகிய பெங்களூரும் இக்கதையில் வருகிறது. குவாண்டம் இயற்பியலின் முதல்வருள் ஒருவரான மாக்ஸ் போர்ன், கோட்டிங்கனில் வேலை இழந்து, மனைவியோடும் மூன்று மக்களோடும் ஜெர்மனியை விட்டவர். கேம்பிரிட்ஜ் தந்தது தற்காலிகப் பணி. 1935இல் சர். சி. வி. இராமன் அழைக்க, மனைவியுடன் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அவருக்கு அங்கேயே நிலையான பேராசிரியர் பதவி தர வேண்டுமென இராமன் முயன்றார். கழகக் கூட்டத்தில், போர்ன் அமர்ந்திருக்கும்போதே ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். சொந்த நாடே துரத்திவிட்ட இரண்டாந்தர அயலான் நமக்கு எதற்கு என்னும் பொருள்படப் பேசினார். வீடு திரும்பியதும் மனைவியிடம் சொல்லி அழுததாகப் போர்ன் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வேலை கிட்டவில்லை. 1936இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. அந்த 'இரண்டாந்தர' அறிஞர் 1954இல் நோபல் பரிசு பெற்றார்!

தேவை அறிந்து திறந்த கதவு

இரக்கம் காட்டிய நாடுகளை விட, தேவையை உணர்ந்த நாடொன்று பெரிய கதவைத் திறந்தது. அது கமால் பாட்சாவின் துருக்கி.

துருக்கி 1928இல் அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தை ஏற்றது. அடுத்து உயர்கல்வியின்மீது கருத்தைச் செலுத்தியது. ஜெனீவாப் பேராசிரியர் ஆல்பர்ட் மால்ஷ் என்பாரை அழைத்து ஆராயச் செய்தது. இஸ்தான்புல்லில் இருந்த பழைய கல்விக் கூடத்தை 1933 சூலை 31இல் மூடி, மறுநாளே புதிய பல்கலைக்கழகத்தைத் திறந்தது. கட்டடம் இருந்தது, மாணவர் இருந்தனர், ஆசிரியர் வேண்டுமே!

அதே நேரத்தில் சூரிச் நகரில், பிராங்க்பர்ட்டில் வேலை இழந்த நோய்க்கூற்றியல் அறிஞர் பிலிப் ஷ்வார்ட்ஸ், வேலை இழந்தவரின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்துக் கொண்டிருந்தார். தம்மைப் போன்றோர்க்குத் தாமே வேலை தேடும் அமைப்பொன்றை அங்கு அவர் நிறுவியிருந்தார். சூலை 6ஆம் நாள் அங்காராவில் துருக்கிக் கல்வி அமைச்சர் ரெஷித் காலிப்பைக் கண்டார். "இன்ன துறைக்கு ஆள் உண்டா?" என்று அமைச்சர் தரப்பு கேட்க, ஷ்வார்ட்ஸ் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்ல, பல மணி நேரம் பேச்சு நடந்தது. முப்பது பேராசிரியர் பதவிகள் வரை அன்று ஒரே நாளில் உறுதியாயின! கான்ஸ்டாண்டிநோபிள் 1453இல் வீழ்ந்தபோது அறிஞர் அங்கிருந்து இத்தாலிக்குப் போயினர்; ஐரோப்பா இன்று அந்தக் கடனைத் திருப்பித் தருகிறது என்னும் கருத்தை அமைச்சர் அன்று கூறியதாக ஷ்வார்ட்ஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் கருதத்தக்கவை. தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பாடம் சொல்லலாம். ஆனால் மூன்று ஆண்டுகளுக்குள் துருக்கி மொழி கற்றாக வேண்டும். பாட நூல்கள் துருக்கி மொழியில் வெளிவர வேண்டும். வருவோன் எவ்வளவு பெரிய மேதையாயினும் மக்கள் மொழியில்தான் மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அந்நாடு வகுத்தது. அறிஞரை மதித்தது, தன் மொழியையும் மதித்தது!

பிராங்க்பர்ட்டில் நீதிபதியாயிருந்து துரத்தப்பட்ட எர்ன்ஸ்ட் ஹிர்ஷுக்கு அப்போது வயது 31. ஜெர்மன் சட்டம் கற்றவன் துருக்கியில் எதைக் கற்பிப்பது? மருந்துக்கு எல்லை இல்லை. சட்டத்துக்கு எல்லை உண்டே! அவர் சோர்ந்துவிடவில்லை. துருக்கி மொழியை முயன்று கற்று, மொழிபெயர்ப்பாளரை விலக்கி, அம்மொழியிலேயே சட்டம் கற்பித்தார். 1943இல் துருக்கிக் குடிமகனானார். 1956இல் நிறைவேறிய துருக்கி வணிகச் சட்டத்தை வரைந்ததில் தலையாய பங்கு அவருடையது. குழந்தை மருத்துவர் ஆல்பர்ட் எக்ஸ்டைன், தாமும் மருத்துவரான மனைவி எர்னாவோடும் மூன்று ஆண்மக்களோடும் 1935இல் அங்காரா சேர்ந்தார். அனத்தோலியச் சிற்றூர்களுக்குக் கணவனும் மனைவியும் பயணம் செய்து, குழந்தைகளின் நலத்தை ஆராய்ந்தனர். மக்டெபர்க் நகரத் தலைவராயிருந்து வதைமுகாம் கண்டு மீண்ட எர்ன்ஸ்ட் ராய்ட்டர், அதே 1935இல் ஏழு வயது மகன் எட்சார்டோடும் மனைவியோடும் அங்காரா வந்து, நகரமைப்புக் கலையைக் கற்பித்தார். பின்னாளில் மேற்குப் பெர்லினின் தலைவரானார்.

கதவுக்கு வெளியே

இதுவரை கண்டது வெளிச்சம். நிழலையும் காண்போம், ஒரு பக்கத்தை மட்டும் புகழ்வது பகுத்தறிவாளர்க்கு அழகாகாது.

புதிய பல்கலைக்கழகம் திறந்தபோது பழைய கூடத்தின் துருக்கி ஆசிரியர் நூற்றுக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். வந்தவர்க்கு மிகுந்த ஊதியம், இருந்தவர்க்கு வீடு! மனக்கசப்பு வளராதிருக்குமா? தவிர, 1932ஆம் ஆண்டுச் சட்டமொன்று முடிதிருத்தல், புகைப்படம் எடுத்தல், தெரு வாணிகம், வண்டி ஓட்டுதல் முதலிய பல தொழில்களைத் துருக்கிக் குடிமக்களுக்கே உரியன ஆக்கியிருந்தது. பேராசிரியர்க்கு இடம் உண்டு. துரத்தப்பட்ட முடிதிருத்துவோர்க்கு இடம் இல்லை.

பேராசிரியர்க்கேனும் நிலையான இடமா? கணித அறிஞர் ஹில்டா கைரிங்கரின் வாழ்வைப் பாருங்கள். மணவிலக்குப் பெற்று, மகள் மக்டாவைத் தனியே வளர்த்த தாய் அவர். பெர்லினில் பேராசிரியர் பதவிக்கு முன்மொழியப்பட்டிருந்த நேரத்தில் ஏப்ரல் சட்டம் அவரை வீழ்த்தியது. மகளோடு பிரசெல்சு சென்றார். 1934இல் இஸ்தான்புல் சென்றார். துருக்கி மொழியில் கணித நூல் எழுதினார். 1939இல் ஒப்பந்தம் முடிந்தது; மீண்டும் மூட்டை கட்டினார். லிஸ்பன் வழியே அமெரிக்கா. அங்கே யூதர் என்பது ஒரு தடை. பெண் என்பது அதனினும் பெருந்தடை. ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் இடம் தரவில்லை. 1944இல் மாசசூசெட்ஸில் வீட்டன் கல்லூரி என்னும் சிறிய மகளிர் கல்லூரி அவரைப் பேராசிரியராக்கியது. பெர்லினில் கைக்கெட்டிய பதவி கடல் கடந்து கிடைக்கப் பதினோர் ஆண்டு! மகள் குழந்தைப் பருவம் கடந்து வளர்ந்தே விட்டாள்.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்றுண்டு. 1941 திசம்பரில் ருமேனிய யூதர்களைச் சுமந்துகொண்டு 'ஸ்ட்ரூமா' என்னும் பழுதுபட்ட கப்பல் இஸ்தான்புல் துறைக்கு வந்து நின்றது. பாலஸ்தீனம் செல்லப் பிரிட்டன் அனுமதி தரவில்லை. கரையிறங்கத் துருக்கி அனுமதி தரவில்லை. விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் மட்டும் இறக்கப்பட்டனர். இரண்டு திங்களுக்கு மேல் கரையைப் பார்த்தபடி கிடந்தனர் ஏனையோர். 1942 பிப்ரவரி 23இல் அக்கப்பலைக் கருங்கடலுக்கு இழுத்துச் சென்று விட்டனர். மறுநாள் சோவியத்து நீர்மூழ்கியின் குண்டு பாய்ந்தது. குழந்தைகள் உட்பட எழுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; உயிர் தப்பியவர் ஒரே ஒருவர். எந்தத் துறையில் பேராசிரியர் பலரைத் துருக்கி வரவேற்றதோ, அதே துறையின் கண்முன்தான் அவர்கள் காத்துக் கிடந்தார்கள்!

நாம் கொள்ள வேண்டியது

இது பழங்கதை அன்று. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து இலண்டனுக்கும் டொராண்டோவுக்கும் சென்ற நம் இனத்தவருள் ஆசிரியரும் கணக்கரும் பொறியாளரும் இருந்தனர். பட்டத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, உணவு விடுதியில் தட்டு கழுவியும் பெட்ரோல் நிலையத்தில் இரவு விழித்தும் அவர்களுள் பலர் பிள்ளைகளை ஆளாக்கினர். கல்வி அவர்களைக் கைவிடவில்லை. அக்கல்விக்கு மதிப்பளிக்க வேண்டிய முறைதான் அங்கே இல்லை.

திறமை தானே வழி தேடிக்கொள்ளும் என்று சொல்வோர் இந்த வரலாற்றைப் படிக்கட்டும். போர்னுக்கும் கைரிங்கருக்கும் இல்லாத திறமையா? வாயிலில் சட்டம் நிற்கிறது, சான்றிதழ் நிற்கிறது, மொழி நிற்கிறது, போட்டிக்கு அஞ்சும் தொழிற்கூட்டம் நிற்கிறது. மொழியைப் புதிதாய் வருவோன் உழைத்துக் கற்கலாம். ஹிர்ஷ் கற்றுக் காட்டினார். ஏனைய மூன்றும் அவன் கையில் இல்லை. அவற்றை மாற்றும் கடமை வரவேற்கும் சமுதாயத்தினுடையது.

"உன் பாட்டன் யார்?" என்று கேட்ட ஜெர்மனி தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டது. "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்ட துருக்கி புதிய பல்கலைக்கழகத்தைக் கண்டது. இரண்டாம் கேள்வி முதற் கேள்வியைவிட உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால் ஸ்ட்ரூமாவில் இருந்த குழந்தைகளுக்கு என்ன தெரியும்? எந்தப் பட்டத்தைக் காட்டுவார்கள் அவர்கள்? ஆகவே மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு, தோழர்களே! "வா, நீ வாழ என்ன வேண்டும்?" என்பதே அது. முதற் கேள்வியை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் நாம். இந்த மூன்றாம் கேள்வியை நம் வாயிலில் வந்து நிற்போரிடம் கேட்கும் நாளில்தான் நம் பகுத்தறிவு முழுமை பெறும்.