கடல் தாண்டினவர்

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவுப் பூசைக்கு எம் இல்லத்தார் எழுதிக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலின் இறுதியில் பெயரற்ற ஒருவர் இடம்பெறுவார். 'கடல் தாண்டினவர்' என்று மட்டுமே எழுதுவோம். பாட்டனார் அவ்வாறே எழுதினார், தந்தையாரும் எழுதினார், நாமும் எழுதி வந்தோம். யார் அவர் என்று வினவினால், "பாட்டனாருடைய பாட்டனார்; தாது வருடப் பஞ்சத்தில் நேட்டாலுக்குக் கப்பலேறினார்; கப்பல் கவிழ்ந்து போயிற்று" என்பார்கள். பெயர் என்ன என்று கேட்டாலோ பேச்சு வேறு திசைக்குத் திரும்பிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பங்கின் பழைய ஏடுகளைப் படியெடுக்கும் பணியில் உதவ நேர்ந்தபோதுதான் அந்தப் பெயரை முதன்முதலாகக் கண்டோம். இலத்தீனில், சாய்ந்த கையெழுத்தில், முதலில் அவருடைய திருமணம். அடுத்த ஆண்டு ஒரு மகனின் ஞானஸ்நானம். மகனின் பெயருக்குப் பின் 'ஃபீலியுஸ் லெஜிதிமுஸ்' என்று குருவானவர் எழுதியுள்ளார். முறைப்படி பிறந்த மகன் என்பது பொருள். அந்த மகனே எம் பாட்டனாரின் தந்தை. அதன்பின் தந்தையின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மனைவியின் பெயரை மட்டும் மரண ஏட்டில் மீண்டும் கண்டோம். கணவர் கப்பலேறி நாற்பது ஆண்டுகள் கடந்த பின்பு இறந்த அப்பெண்மணியைக் குருவானவர் 'வீதுவா', அதாவது கைம்பெண், என்று எழுதவில்லை. 'உக்சோர்' என்றார்; மனைவி. அந்த ஒரு சொல் எம்மை உறங்கவிடவில்லை. கப்பல் கவிழ்ந்தது உண்மையாயின் அவர் நாற்பது ஆண்டுகளாக யாருக்கு மனைவியாக இருந்தார்?

நேட்டாலுக்கு முதன்முதலில் ஆளேற்றிச் சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது. 1866இல் நின்றுபோன இக்குடியேற்றம் 1874இல் மீண்டும் தொடங்கி 1911 வரை நடந்தது. இக்காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் நாட்டவர் 1,52,184 பேர். இவர்களுள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையிலிருந்து சென்றவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சத்தில், வயிற்றுக்கு வழி தேடி இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனவர்கள் போக, மிச்சமிருந்தவர்களுள் சிலரை ஆள்பிடிக்கும் தரகர்கள் இக்கப்பல்களுக்குக் கொண்டு சேர்த்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, பின் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பத்தாண்டு அங்கே தங்கியவர்க்குக் கட்டணமின்றித் திரும்பும் உரிமையும் இருந்தது.

வெள்ளையரிடத்தில் ஒரு நற்குணம். கொடுமை செய்தாலும் கணக்கு எழுதிவைப்பார்கள். ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடல் அடையாளம் எனக் கட்டம் கட்டமாக எழுதிய அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்றும் உள்ளன. ஆனால் அவற்றில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடுவது எளிதன்று. சவரிமுத்து என்பார் கோவில் ஏட்டில் 'க்ஸவேரியுஸ்' ஆவார். துறைமுக எழுத்தரின் பேனாவில் என்ன ஆவார் என்பது அன்றைய வெயிலையும் எழுத்தரின் பசியையும் பொறுத்தது. ஆகவே பெயரை விட்டுவிட்டு ஊரைப் பிடித்துக்கொண்டு தேடினோம். ஊர், தாலுகா, தந்தை பெயர், வயது நான்கும் பொருந்திய ஒருவர் அகப்பட்டார். சாதிக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்றிருந்தது. அடையாளம்: இடப் புருவத்தின்மேல் தழும்பு. படமில்லாத முன்னோர் ஒருவரின் முகத்தில் எமக்குத் தெரிந்த இடம் அந்தத் தழும்பு ஒன்றே.

அவர் எந்தக் கரும்புத் தோட்டத்திற்கு ஒப்படைக்கப்பட்டார் என்பதும் பதிவாகியிருந்தது. கடலில் மாண்டவனை யாரும் தோட்டத்திற்கு ஒப்படைப்பதில்லை. ஊர் திரும்பினார் என்ற குறிப்போ இல்லை.

நேட்டாலில் 1852 முதலே அமலமரி தியாகிகள் சபைக் குருக்கள் பணியாற்றினர். அவர்களுள் சபோன் அடிகளார் நம்மவர்க்காக உழைத்தவர். 1867இலேயே டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். ஆகவே அங்கும் ஞானஸ்நான ஏடு இருக்கும் என்று நம்பி எழுதினோம். அங்கே பணியாற்றும் குருவானவர் ஒருவர் பொறுமையோடு தேடி ஒரு பக்கத்தின் நிழற்படத்தை அனுப்பினார். ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நானம். தந்தையாக எம் முன்னோர், ஊர்ப் பெயருடன். தாய் வேறொருத்தி. 'லெஜிதிமா' என்ற சொல் அங்கே இல்லை.

இருக்க முடியாது. கோவிலில் அவளை மணக்கவேண்டுமாயின் ஊர்ப் பங்கிலிருந்து கடிதம் வரவேண்டும்; ஊரிலோ மனைவி உயிரோடிருந்தாள். இதை அறிந்தும் குழந்தையைக் கோவிலுக்குத் தூக்கிச் சென்றிருக்கிறார். ஏட்டில் அந்தச் சொல் விடுபடுவதை எதிரில் நின்று பார்த்திருப்பார்.

குழந்தைக்கு இட்ட பெயரைப் படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டோம். அது ஊரில் விட்டுவந்த மனைவியின் பெயர். அவருடைய தாயின் பெயராக இருக்குமோ என்று திருமண ஏட்டைப் புரட்டினோம்; தாயின் பெயர் வேறு. ஞானத்தாயின் பெயரும் வேறு. அவரைக் குற்றவாளியாக்கவே தேடத் தொடங்கினோம் என்பதை மறைக்கவில்லை. பத்தாண்டு முடிந்ததும் வந்திருக்கலாம் அல்லவா? பச்சைக் குழந்தையோடு பஞ்சத்தில் நின்றவளை நினைத்தால் அந்தக் கோபம் இப்போதும் அடங்கவில்லை. ஆயினும் அந்தப் பெயரைச் சொல்லித்தானே ஒவ்வொரு நாளும் மகளை அழைத்திருப்பார்.

நேட்டாலிலிருந்து திரும்பியவர்கள் நம் ஊர்களில் பலர். செய்தி வந்திருக்கவேண்டும். கப்பலைக் கவிழ்த்தது கடல் அன்று, எம் வீட்டார்.

சென்ற நவம்பரில் பட்டியல் எழுத அமர்ந்தபோது, 'கடல் தாண்டினவர்' என்பதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதி, அருகில் அவர் மனைவி பெயரையும் எழுதினோம். நேட்டால் பெண்மணியின் பெயரை எழுதுவதா என்று பேனா தயங்கியது. எதிரே அமர்ந்திருந்த அத்தையார் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர், "எங்க அப்பாவுக்குத் தெரியும். ஒரு நாள் எங்கிட்டச் சொல்லிட்டு, வெளியில பேசாதேன்னார்" என்றார்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார்.

"அவ பேரையும் எழுது தம்பி. கொஞ்சம் பெரிசாவே எழுது, சாமியார் வாசிக்கத் தடுமாறப் போறார்."