மாதிரி இருப்புப்பாதைப் பெருங்காட்சிகள்

உண்மையான இருப்புப்பாதை ஒன்றை, அதில் ஓடும் வண்டிகளோடும் அது கடந்து செல்லும் ஊர், வயல், மலை, பாலம், நிலையம் யாவற்றோடும் ஒரே பிரமாணத்தில் சுருக்கி அமைத்து, வண்டிகளை ஒழுங்காக ஓட்டிக் காட்டுவது மாதிரி இருப்புப்பாதைக் காட்சி எனப்படும். வீட்டு மேஜையொன்றில் அடங்கிவிடும் சிறிய அமைப்புகளே உலகில் மிகுதி. ஆயினும் ஒரு மண்டபத்தையோ ஒரு கிடங்கின் தளங்களையோ நிரப்பும் பெருங்காட்சிகள் தனியொரு கலையாக வளர்ந்து, புகைவண்டியில் சிறிதும் நாட்டமில்லாதவரையும் மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும் வசீகரம் பெற்றுள்ளன.

இக்கலைக்கு மூலம் விளையாட்டுப் பொம்மையே. ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரில் 1859-ல் தகரவேலைக்காரர் ஒருவரால் தொடங்கப்பெற்று, பொம்மை வீடுகளுக்குரிய சமையற் பாத்திரங்களைச் செய்துவந்த மார்க்லின் நிறுவனம், 1891-ல் லைப்சிக் சந்தையில், சாவி முடுக்கினால் ஓடும் வண்டியையும், எட்டு வடிவில் பொருத்தத்தக்க தண்டவாளங்களையும் வைத்ததோடு, பாதையின் அகலத்தை எண்ணிட்டு நிர்ணயமும் செய்தது. அந்நிர்ணயத்தின் பயன் பெரிது. இவ்வாண்டு ஒரு வண்டி, அடுத்த ஆண்டு ஒரு பாலம், அதன்பின் ஒரு நிலையம் என்று வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்னும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று. எல்லையின்றி வளர இடங்கொடுக்கும் அத்தன்மையே பெருங்காட்சிகளுக்கு வித்தாக அமைந்தது.

பாதை அகலங்களின் வரலாறு சற்று விரிவாகக் கூறத்தக்கது. ஒன்றாம் எண் பாதை 45 மில்லிமீட்டர் அகலமுடையது. அதனினும் சிறியதாகப் பின்னர் வந்த சுழி எண் பாதை 32 மில்லிமீட்டர். 1935-ல் நூரம்பர்க்கைச் சேர்ந்த ட்ரிக்ஸ் நிறுவனமும் மார்க்லினும் அதிலும் ஏறக்குறையப் பாதியான பாதையைக் கொணர்ந்தன. 16.5 மில்லிமீட்டர் அகலமும் 87-ல் ஒரு பங்கு என்ற பிரமாணமும் உடைய இந்த ‘எச்ஓ’ வகையில், நடுத்தர உயரமுள்ள மனிதர் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரம் நிற்பார். பிரிட்டனிலோ, இயல்பாகவே சிறியனவான அந்நாட்டு எஞ்சின்களை இதே பிரமாணத்தில் செய்தால் அக்காலத்து மோட்டார் உள்ளே அடங்காது என்பதால், வண்டியின் உருவத்தை 76-ல் ஒரு பங்காகப் பெரிதாக்கிப் பாதையின் அகலத்தை மாற்றாமலே விட்டுவிட்டனர். பாதை குறுகலாகத் தோன்றும் இக்குறை அங்கே இன்றளவும் நிலைத்துவிட்டது. பின்னர் ஒன்பது மில்லிமீட்டர் ‘என்’ வகையும், 1972-ல் மார்க்லினின் 6.5 மில்லிமீட்டர் ‘இசட்’ வகையும் தோன்றின.

வண்டியைச் சுற்றிலும் ஓர் உலகத்தைப் படைக்கவேண்டும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் முதிர்ந்தது. பீக்கன்ஸ்பீல்டில் 1929-ல் திறக்கப்பெற்ற பெக்கன்ஸ்காட் என்னும் மாதிரிச் சிற்றூர், தோட்டத்தின் நடுவே வீடுகளையும் இருப்புப்பாதையையும் இணைத்துக் காட்டியது. ஜான் ஏஹர்ன் தம் வீட்டினுள் அமைத்த மேடர் பள்ளத்தாக்கு, நிலக்காட்சியை வண்டிக்குச் சமமாக மதித்த முன்னோடியாகும். இவ்வழியில் யாவரினும் உயர்ந்து நிற்பவர் ராய் இங்லண்ட் என்பவர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் வந்த இவ்விளைஞர், வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கின் புராதனக் கூரைவீடுகள் ஒவ்வொன்றாக அழிக்கப்படுவதைக் கண்டு வருந்தி, எஞ்சியவற்றையேனும் சிற்றுருவில் காப்பாற்றக் கருதி, உண்மை வீடுகளை அளந்து அட்டையில் செய்யலானார். 1954-ல் லாங் விட்டன்ஹாமில் அவர் நிறுவிய பெண்டன் காட்சிச்சாலை பல அன்பர்களின் தொண்டால் தழைத்தது. பல ஊர்களின் மெய்யான வீடுகள் ஒரு கற்பனைக் கிராமத்தில் கூடி நிற்க, செங்கல் ஒவ்வொன்றும் தனியே வர்ணம் தீட்டப்பெற்று, சில வீடுகளின் உள்ளே தட்டுமுட்டுச் சாமான்களும் வைக்கப்பெற்றுள்ள அப்படைப்பில், வண்டி ஓடுவது கிராமத்தின் வாழ்வுக்கு ஓர் அங்கமாகவே தோன்றும். மேடர் பள்ளத்தாக்கும் பிற்காலத்தில் இங்கேயே அடைக்கலம் பெற்றது.

அமெரிக்கக் கலைஞரான ஜான் ஆலன், கலிபோர்னியாவின் மான்டெரேயில் தரையிலிருந்து கூரைவரை மலைகளை எழுப்பி, கண்ணாடிகளை மறைவாக நிறுத்திக் காட்சியின் தூரத்தைப் பெருக்கி, எஞ்சின்களில் துருவும் புகைக்கரியும் படிந்த தோற்றத்தை வரைந்து, புதுமெருகு மங்கிய பொருளே மெய்யாகத் தோன்றும் என்ற சூட்சுமத்தை நிலைநாட்டினார். 1973-ல் அவர் மறைந்த சில நாட்களுக்குள் அப்படைப்பு தீக்கிரையானது பெருநஷ்டமேயாகும்.

இத்தகைய காட்சிகள் மனத்தைக் கவர்வதற்குப் பரப்பொன்றே காரணம் என்பது பொருந்தாது. மெய்யான பயணத்தில் பிரயாணி தன் சன்னலளவு உலகையும், நிலைய அதிகாரி தம் நிலையத்தையும் மட்டுமே அறிவர். கைகாட்டி சாய்வதும், அதற்காகக் காத்திருந்த சரக்குவண்டி நகர்வதும், அவ்வண்டி மலைக்கு அப்பால் வேறோர் ஊரில் வந்து சேர்வதும் ஒருவர் பார்வையில் ஒருசேர அடங்குவது இங்கேதான். ஒரு கிலோமீட்டர் ‘எச்ஓ’ பிரமாணத்தில் பதினொன்றரை மீட்டராகுமாகையால், எவ்வளவு பெரிய மண்டபத்திலும் தூரத்தை மெய்யளவாகக் காட்ட இயலாது; ஆகவே குகைவழிகளால் பாதையை மறைத்து, பார்வைக்கு அப்பால் வண்டிகளை நிறுத்திவைத்து, குறித்த நேரத்தில் வெளிக்கொணர்கின்றனர். வண்டி மறைந்திருக்கும் அந்த இடைவேளையில் பார்ப்பவர் கண் சுற்றியுள்ள சிறு மனிதர்களிடம் செல்கிறது. குளத்தங்கரையில் நிற்பவரையோ சன்னலில் விளக்கேற்றியிருக்கும் வீட்டையோ கண்டுகொண்டபின் அவ்விடத்தை விட்டு அகல மனம் வருவதில்லை.

உலகில் மிகப் பெரியதான ஹாம்பர்க் காட்சி இதனை நன்கு உணர்ந்து அமைக்கப்பெற்றது. 2000-ல் சூரிக் நகரின் மாதிரி இரயில் கடையொன்றில் தமக்குத் தோன்றிய எண்ணத்தை இரட்டைச் சகோதரரான கெரிட் பிரவுனிடம் தொலைபேசியில் தெரிவித்த பிரெடரிக் பிரவுன், அவரோடு சேர்ந்து மறு ஆண்டு ஆகஸ்டில் பழைய துறைமுகக் கிடங்கொன்றில் ‘மினியாட்டூர் வுண்டர்லாண்ட்’ என்னும் இதனைத் திறந்தார். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பகல் மாறி இரவாகி, இலட்சக்கணக்கான சிறு விளக்குகள் ஒளிர்கின்றன; 2011 முதல் விமானங்கள் ஓடுபாதையில் ஏறி இறங்குகின்றன; ஸ்காண்டினேவியப் பகுதியில் மெய்யான நீரில் கப்பல்கள் செல்கின்றன; சாலை வாகனங்கள் தரையடியில் பதித்த கம்பியைக் காந்தத்தால் பின்பற்றுகின்றன; பார்வையாளர் பொத்தானை அழுத்திச் சில உருவங்களை அசைக்கவும் கூடும்.

தற்காலப் பெருங்காட்சிகள் பலவற்றில் வண்டிகளைக் கணிப்பொறியே இயக்குகிறது. பழைய காட்சிகளுள் ஒன்றான பென்சில்வேனியாவின் ‘ரோட்சைட் அமெரிக்கா’ 2020-ல் மூடப்பட்டது. ஆயினும் இந்தியாவில் புனே நகரின் ஜோஷி சிற்றிருப்புப்பாதைக் காட்சிச்சாலை 1998 முதல் நடைபெறுகிறது.