ஏழு இக்லீம்கள்: தட்பவெப்பத்தைப் பகுத்த வரலாறு

 

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் 'ஏழு இக்லீம்' என்னும் சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். உலகம் முழுவதையும் குறிக்கும் ஓர் அலங்காரச் சொல் என்றே அன்று எண்ணியிருந்தோம். பின்னர் வரலாற்று நூல்களைப் புரட்டியபோதுதான், பூமியின் வெப்பத்தையும் குளிரையும் மழையையும் பகுத்தறிய மனிதன் செய்த நெடிய முயற்சி அச்சொல்லுக்குப் பின்னால் இருப்பது விளங்கிற்று. அம்முயற்சியில் நம் முன்னோர் ஆற்றிய பணியையும், அவர்களுள் பேரறிஞர் ஒருவர் இடறிய இடத்தையும் இங்கே காண்போம்.

சாய்விலிருந்து பிறந்த சொல்

'கிளிமா' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சாய்வு என்பது பொருள். அதுவே அரபியில் 'இக்லீம்' ஆயிற்று. சூரிய ஒளி நிலத்தில் விழும் சாய்வு வடக்கே செல்லச் செல்ல மாறுகிறது. கோடைக்காலப் பகலும் நீளுகிறது. இதனை அளவுகோலாகக் கொண்டு, மனிதர் வாழும் பூமியைக் கிழக்கு மேற்காக ஏழு பட்டைகளாகக் கிரேக்கர் பிரித்தனர். ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரமாக உள்ள நைல் நதிக்கரையின் மெரோயே நகரம் முதல் இக்லீமின் நடுவில் அமைந்தது. அரைமணி நேரம் கூடக் கூட அடுத்தடுத்த இக்லீம்கள் வந்தன. கருங்கடலுக்கு வடக்கே, பகல் 16 மணி நேரமாக நீளும் பகுதி ஏழாவதாயிற்று.

அப்பாஸிய கலீஃபாக்கள் காலத்தில் தாலமியின் நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்டபோது இப்பகுப்பும் முஸ்லிம் உலகிற்கு வந்தது. சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையிலிருந்த அல்இத்ரீஸீ, 1154-ல் தாம் முடித்த நூலில் ஒவ்வோர் இக்லீமையும் பத்துப் பத்துக் கூறுகளாக்கி, 70 வரைபடங்களில் உலகைத் தீட்டினார்.

நேரில் கண்டோர்

எனினும், கணக்கை மட்டும் நம்பி நம்மவர்கள் இருந்துவிடவில்லை. ஹிஜ்ரி 309-ல் (கி.பி. 921) கலீஃபா முக்ததிரின் தூதுக்குழுவில் பக்தாதிலிருந்து புறப்பட்ட இப்னு ஃபள்லான், மறு ஆண்டு வோல்கா நதிக்கரையிலுள்ள பல்கார் மக்களின் நாட்டை அடைந்தார். வழியில் குவாரிஸ்மில் ஆமூ நதி உறைந்து, வண்டிகளும் கால்நடைகளும் அதன்மேல் செல்வதைக் கண்டார். குளித்துவிட்டு வெளியே வந்தால் தாடி பனிக்கட்டியாகிவிடும். நெருப்பருகே அமர்ந்துதான் அதை உருக்க வேண்டியிருந்தது என்கிறார். பல்காரில் கோடைக்கால இரவு மிகக் குறுகியது. இஷா பாங்கை எதிர்பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் காதில் பஜ்ரு பாங்கு விழுந்ததாம்! பஜ்ரு தவறிவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு மாதமாக இரவில் உறங்கவில்லை என்று அங்கிருந்த முஅத்தின் கூறியதையும் அவர் பதிந்துள்ளார்.

ஜெருசலேத்தில் பிறந்த அல்முகத்தஸீ, பத்தாம் நூற்றாண்டில் முஸ்லிம் நாடுகளை நேரில் சுற்றிவந்து, அவற்றைப் 14 இக்லீம்களாகப் பிரித்து எழுதினார். பகலின் நீளத்தோடு நில்லாமல், ஒவ்வொரு பகுதியின் காற்று, நீர், விளைபொருள், மக்களின் வழக்கம் ஆகியவற்றையும் தொகுத்தளித்தார். அல்பிரூனீயோ, இந்தியாவைப் பற்றி 1030-ஐ ஒட்டி எழுதிய நூலில், மலையருகே பெருங்கற்களும், தொலைவில் சிறுகற்களும், கடலருகே நுண்மணலும் கிடப்பதைச் சுட்டி, இச்சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து வண்டலால் தூர்ந்தது என்று முடிவு கட்டினார். நிலமும் மாறும் என்பதை அன்றே உணர்ந்தவர் அவர்.

பட்டைகள் போதவில்லை

ஒரே பட்டையில் உள்ள ஊர்களெல்லாம் ஒரே தட்பவெப்பத்தைப் பெறுவதில்லை. ஏமனின் ஏடன் துறைமுகமும் நமது சென்னையும் ஏறத்தாழ 13 பாகை வடக்கு என்ற ஒரே கோட்டில் உள்ளவை. இரண்டும் கடற்கரை நகரங்கள். ஆயினும், சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏடனில் 100 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. காற்றின் திசை, கடல், மலை, உயரம் ஆகியவையும் சேர்ந்தே ஓர் ஊரின் பருவநிலையை முடிவு செய்கின்றன.

இதற்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர், ரஷ்யாவில் பிறந்த ஜெர்மானிய அறிஞர் விளாதிமிர் கொப்பன் (1846–1940). தாவரவியலும் பயின்ற அவர், ஓரிடத்தில் என்ன முளைக்கிறது என்பதே அவ்விடத்துத் தட்பவெப்பத்தின் சாட்சி எனக் கொண்டார். 1884-ல் தொடங்கி 1900-ல் அவர் உருவாக்கிய பகுப்பு, திருத்தங்களுடன் இன்றும் வழங்குகிறது. எல்லா மாதங்களிலும் 18 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பமண்டலம், மழையைவிட ஆவியாதல் மிகுந்த வறண்ட நிலம், மிதமான குளிர்காலம் உடைய பகுதி, கடுங்குளிர்காலம் உடைய பகுதி, வெப்பமிக்க மாதத்திலும் 10 பாகையை எட்டாததால் மரங்கள் வளராத துருவப் பகுதி என அவை ஐந்து. பின்னர் 1935-ல் ஆங்கிலேயத் தாவரவியலார் டான்ஸ்லி, உயிரினங்களையும் மண், நீர், காற்றையும் ஒன்றாகவே நோக்க வேண்டும் என்று கூறி, 'சூழல் மண்டலம்' என்ற கருத்தை நிலைநாட்டினார்.

இடறிய இடம்

1377-ல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன் (ரஹ்) அவர்களின் அறிவை உலகமே போற்றுகிறது. மனிதனின் கருநிறம் நூஹ் (அலை) அவர்களின் சாபத்தால் வந்ததென்ற கட்டுக்கதையை அவர் மறுத்தார். சூரிய வெப்பமே காரணம் என்றார். ஆனால், அதே நூலில் நடு இக்லீம்களின் மக்களே குணத்திலும் அறிவிலும் நிறைந்தவர்கள் என்றும், கடும் வெப்பத்திலும் கடுங்குளிரிலும் வாழ்வோர் தாழ்ந்தவர்கள் என்றும் எழுதிவிட்டார். ஹபஷா, மாலி மக்களை விதிவிலக்காக அவரே காட்ட வேண்டியிருந்தது. அதற்குச் சுமார் 25 ஆண்டுகளுக்கு முன், 1352-ல் மாலி நாட்டிற்குச் சென்ற இப்னு பதூதா, அங்கு அநீதி அரிது என்பதையும், வழிப்போக்கர் அச்சமின்றிச் செல்வதையும், பிள்ளைகளுக்குக் குர்ஆனை மனனம் செய்விப்பதில் மக்கள் காட்டிய உறுதியையும் கண்டு பாராட்டியிருந்தார். நேரில் கண்டவரின் சாட்சி, பட்டையின் கணக்கை முறித்துவிடுகிறது.

இப்பிழை அவரோடு முடியவில்லை. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மாண்டெஸ்கியூ போன்றோரும் தட்பவெப்பத்தைக் கொண்டு மக்களின் குணத்தை அளந்தனர். பிற நாடுகளை அடிமைப்படுத்தியோருக்கு அத்தகைய வாதங்கள் துணையாயின.

நமக்குள் மட்டும் இது இல்லையா? வெளிநாடு சென்று திரும்பும் நம் பிள்ளைகள், "அந்த நாட்டுக்காரர்களே அப்படித்தான்" என்று சொல்லும்போது நாமும் தலையசைத்து விடுகிறோம். முதல் இக்லீமைச் சேர்ந்த ஹபஷாவின் பிலால் (ரலி) அவர்கள் கஅபாவின் மீதேறி பாங்கு சொன்னதை மிம்பரில் பெருமையுடன் எடுத்துரைக்கும் நாம், திண்ணையில் அதனை மறந்துவிடலாகாது.

எந்த மண்ணில் எந்தப் பயிர் விளையும் என்பதைத் தட்பவெப்பம் கூறும். எந்த மனிதன் உயர்ந்தவன் என்பதை அது கூறாது. இரவில் உறங்காமல் விழித்திருந்த அந்தப் பல்கார் முஅத்தினும், ஹபஷாவின் பிலால் (ரலி) அவர்களும் அழைத்தது ஒரே தொழுகைக்குத்தான்.

இதனை உணர்ந்து நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.