நரிப் பொத்தான்

துடியலூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1873-ல். மலை ரயில் ஊட்டியைத் தொட்டது 1908-ல். கோடைக்கு மலையேறிய வெள்ளைக்கார துரைமார்களின் பெட்டிகளில் வேட்டைக் கோட்டும் மடித்து வைத்திருப்பார்கள். அந்த மாதிரிக் கோட்டுகளின் பட்டன்களைச் சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் அவர்களுக்கு 1938 முதல் ஒரு தேசியச் சங்கமே இருக்கிறது.

வேட்டை பட்டன்களின் பொற்காலம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி, ஊர், பர்மிங்காம். பித்தளை வில்லையில் அச்சடித்து, பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசிச் சூடு காட்டுவார்கள். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகைதான் கூலிக்காரர்களின் நரம்பைத் தின்றது. ஒரே கோட்டில் பட்டனுக்கு ஒரு படம்: முயல், கவுதாரி, நாய், நரித்தலை.

கையில் ஒன்று கிடைத்தால் படத்தைப் பார்த்து மயங்கிவிடாதீங்க, திருப்பிப் பாருங்க. வயசு பின்பக்கம்தான் இருக்கு. தைக்கிற வளையம் எப்படிப் பற்றவைத்திருக்கிறது, தயாரிப்பாளர் பெயரென்ன, தெரு விலாசம் உண்டா? லண்டன் ஃபிர்மின் போன்ற கம்பெனிகள் விலாசத்தையும் அடித்தன. கடை இடம் மாறிய வருஷம் தெரிந்தால் பட்டனின் காலமும் பிடிபடும். அளவுக்கு நம்ம டெய்லர்கள் சொல்லும் அதே 'லைன்'தான். 40 லைன் ஒரு அங்குலம். சட்டை பட்டன் 18. தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீங்க. தங்கம் அவ்வளவு மெல்லிசு.

பிறகுதான் படம். எனக்கு இடிப்பதும் அங்கேதான். இங்கிலாந்தில் வேட்டை நாய்களை விட்டுத் துரத்தியது செந்நிற ஃபாக்ஸை. அது நீலகிரியில் கிடையாது. 1830-களில் தொடங்கிய ஊட்டி வேட்டையில் ஜாக்காலைத்தான் துரத்தினார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளியில் குதிரைகள் பாய்ந்தன. 1891 முதல் 1896 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை அந்த வெளி இன்னும் சுமக்கிறது. குதிரைக்காரர்களும் நாய் பார்த்தவர்களும் நம்ம ஆட்கள். கோட்டில் மட்டும் இங்கிலாந்து மாறவேயில்லை.

பட்டன்களைப் படம் பார்த்துப் பிரிக்கிறவர் நரித்தலையை 'ஃபாக்ஸ்' டப்பாவில் போடுவார். அவர் மேல் தப்பில்லை, படம் அதுதானே. ஆனால் அப்படி ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு ஊட்டியில் ஒருவர் துரத்திய மிருகத்துக்கு அந்த டப்பாவில் இடம் கிடையாது. நல்லவேளை, நம்ம ஊரில் ரெண்டையுமே நரி என்றுதான் சொல்கிறோம்.